அறுபத்து நாலு கெட்

இங்கிலீஷ்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆன பிறகுதான் எனக்கு அவர்கள் பாஷை அவசரமாகத் தேவைப்பட்டது. அதுவரை அந்தப் பாஷைக்கும் எனக்கும் பரீட்சைக்கு முந்தின வாரம் மட்டும்தான் பேச்சுவார்த்தை. எஸ்.எஸ்.எல்.சி.யில் இங்கிலீஷில் நாற்பத்தொரு மார்க் வாங்கித் தேறினேன். அதில் பாதி, திருத்தினவர் என் கையெழுத்தைப் பார்த்து இரக்கப்பட்டுப் போட்டது என்று இன்றும் நம்புகிறேன்.

தேவையை உண்டாக்கியவன் என் அண்ணன். பம்பாயில் உத்தியோகம். இரண்டு குழந்தைகள் வீட்டைத் தலைகீழாக்கிக்கொண்டிருக்க, மூன்றாவது வரப்போகிறது என்று ஆடி மாதத்தில் ஸ்ரீரங்கத்துக்குக் கடிதம் போட்டான். மன்னிக்கு ஒத்தாசைக்கு ஆள் இல்லையாம். "அவள் அங்கே சும்மாத்தானே இருக்கிறாள், இங்கே அனுப்பி வையுங்கோ" என்று எழுதியிருந்தான். அவள் என்பது நான். சும்மா என்பது, விடிகாலை கோலத்தில் ஆரம்பித்து ராத்திரி பால் உறை ஊற்றுவது வரை நான் செய்துகொண்டிருந்த அத்தனைக்கும் அவன் வைத்த பெயர். படித்ததும் எனக்கு உச்சி மண்டையில் நெருப்பு வைத்த மாதிரி இருந்தது. அதே வேலையை அங்கே போய் மூன்று குழந்தைகளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு செய்தால் மட்டும் ஒத்தாசையாகிவிடுமாம்!

பம்பாய்க்கு ஒருமுறை போனால் போனதுதான் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீதியிலேயே ஒருத்தி அப்படி அக்காவுக்கு ஒத்தாசையாகப் போனாள். பத்து வருஷம் கழித்து வந்தபோது தலை நரைத்திருந்தது. அக்காவின் குழந்தைகள் அவளைச் சித்தி என்றுகூடக் கூப்பிடாமல் வேறு ஏதோ வடக்கத்தி வேலைக்காரப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

அம்மாவிடம் அழுதேன். அம்மா கூட அழுதாள். அதற்கு மேல் அவளால் ஆகிறதொன்றும் இல்லை. அப்பாவிடம் போனேன். அப்பா கோயிலில் பிரபந்தம் சேவிக்கும் கோஷ்டியில் ஒருவர். வீட்டில் அதிகம் பேசமாட்டார், தொண்டையைக் கோயிலுக்காகச் சேர்த்து வைத்திருப்பார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "டெலிபோன் ஆபீஸ்ல பொண்களை எடுக்கறாளாமே. இங்கிலீஷ்லதான் கேப்பாளாம். அது கிடைச்சா நீ எங்கேயும் போக வேண்டாம், நான் அவனுக்குப் பதில் எழுதிக்கறேன். கிடைக்கலேன்னா தை பொறந்ததும் டிக்கெட் எடுத்துடுவேன். அப்புறம் அழப்படாது" என்றார். இதைவிட நியாயமாக ஒரு அப்பா பேச முடியாது. எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

தென்னூரில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இங்கிலீஷ் டுடோரியல் ஒன்று இருந்தது. கீழே பங்சர் ஒட்டுகிற நாற்றம், மேலே நாங்கள். வாத்தியார் மேலுக்குக் கோட்டும் கீழுக்கு வேட்டியும் கட்டுவார். ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் சண்டை போட்டுக்கொண்டு வந்தவர் என்று பேச்சு. யாரோடு சண்டை என்று கேட்டால், "இலக்கணத்தோட" என்பார். அவருக்கு யார் பெயரும் நிற்காது, ஊர்தான் நிற்கும். "துறையூர், எந்திரிங்க. ஸ்ரீரங்கம், வாய மூடுங்க" என்றுதான் கூப்பிடுவார். துறையூர் என்பவர் மஞ்சள் பையில் நிலக்கடலை கொண்டுவந்து கடைசி பெஞ்சில் உரித்துக்கொண்டிருக்கும் ஒரு விவசாயி. கோர்ட்டில் ஒரு கேஸ் நடந்துகொண்டிருந்தது. வக்கீல் தன்னை வைத்துக்கொண்டே ஜட்ஜிடம் இங்கிலீஷில் என்ன பேசுகிறான் என்று தெரிந்துகொள்ள வந்திருந்தார். தெரிந்துகொண்டதும் வக்கீலை மாற்றிவிட்டு நின்றுபோனார்.

முதல் நாள் நான் டெலிபோன் ஆபீஸ் வேலைக்குப் படிக்க வந்திருப்பதாகச் சொன்னதும் வாத்தியார் மேஜையைத் தட்டினார்.

"அப்ப ஒரே ஒரு சொல்லு போதும். கெட்."

"என்ன சார்?"

"கெட். ஜி, இ, டி. அங்க ஆள் எடுக்கற ஆபீசர் கேக்கறது அந்த ஒண்ணுதான். போன தடவை போன பொண்ணும் சொல்லிச்சு, அதுக்கு முந்தி போனதும் சொல்லிச்சு. சின்ன வயசுல அவரு ஒரு துரைக்குக் கீழ வேலை பாத்தாராம். துரை வாயத் தொறந்தா கெட்டாம். எதுக்கு எந்த கெட்டுன்னு புரியாம இவரு தெனம் திட்டு வாங்கினாராம். தான் பட்ட பாட்டை ஊர்ல இருக்கற பொண்ணுங்களும் படட்டும்னு கேக்கறாரு. நல்ல மனசு!"

அப்புறம் அவர் பீரோவைத் திறந்து ஒரு கட்டுக் காகிதம் எடுத்தார். சைக்ளோஸ்டைல் செய்த நோட்ஸ். பக்கத்தின் நடுவே கோடு. இடது பக்கம் கெட்டின் அர்த்தங்கள், ஒவ்வொன்றும் இங்கிலீஷில் ஒரு வார்த்தை, அடியில் தமிழ். வலது பக்கம் ஒவ்வொரு அர்த்தத்துக்கும் ஒரு வாக்கியம். மொத்தம் அறுபத்து நாலு. அகராதியில் அத்தனை இருக்கிறதா என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. பிற்பாடு தேடிப் பார்த்தேன். கடைசிப் பத்துப் பன்னிரண்டை மனுஷர் சொந்தமாகச் சேர்த்திருக்கிறார். கலைகள் அறுபத்து நாலு என்றால் கெட் மட்டும் குறைந்தா போகும்?

அந்தச் சொல்லைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சலும் வந்தது, மரியாதையும் வந்தது. நம் பாஷையில் நமக்குச் சளி பிடிக்கும். கோபம் வரும். வயசு ஆகும். கல்யாணம் ஆகும். வேலை கிடைக்கும். நாம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும், ஒவ்வொன்றாக வீட்டைத் தேடி வந்து நம் தலையில் நடந்துவிட்டுப் போகும். இங்கிலீஷ்காரன் அப்படி இல்லை. சளியா, அவனே போய் கெட். கோபமா, அவனே கெட். கல்யாணமும் கெட், வயசும் கெட், போய்ச் சேருகிற ஊரும் கெட், கேட்டது புரிந்தால் அதுவும் கெட். காலையில் கண்ணைத் திறந்ததும் கெட் அப். இப்படி ஒரு ஜனம் கப்பல் ஏறாமல் எப்படி இருக்கும்? இதை நான் வகுப்பில் சொன்னேன். வாத்தியாருக்கு ஒரே சந்தோஷம்.

"ஸ்ரீரங்கம், அங்கதான் நிக்கறீங்க! அவன் நாட்டை கெட் பண்ணான். நாம கெட் அவுட்டுன்னோம். அவன் சொல்லை வச்சே அவனை வெரட்டியாச்சு" என்றார்.

அன்றைக்கு நான் ஒரு முடிவு எடுத்தேன். எனக்கு வேலை கிடைக்கும் என்று இனி இருக்கப்போவதில்லை. வேலையை நான் கெட் பண்ணப்போகிறேன்.

எங்கள் வகுப்பில் அதே வேலைக்குப் படிக்க வந்த இன்னொருத்தியும் இருந்தாள். வாத்தியார் பாஷையில் அவள் மன்னார்புரம். வேதக்காரப் பெண், என் வயசுதான் இருக்கும். ஒடிசலாக, எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னின தலையும் கழுத்தில் மெல்லிய சிலுவையுமாக வருவாள். குரல் மெதுவாக வரும். மூன்றாவது பெஞ்சுக்கு அவள் பேசுவது கேட்காது. டெலிபோன் ஆபீசில் இவள் குரலை வைத்துக்கொண்டு என்ன செய்வாள் என்று முதல் வாரமே நினைத்தேன். என் குரல் வேறு ரகம். நான் எங்கள் வீட்டுக் கொல்லையிலிருந்து கூப்பிட்டால் அடுத்த வீதிப் பசு திரும்பிப் பார்க்கும்.

அறுபத்து நாலையும் நெட்டுருப் போட வேண்டும். தனியாக உட்கார்ந்தால் எனக்குப் பத்துக்கு மேல் ஏறவில்லை. அப்போதுதான் எனக்கு அந்த அபாரமான யோசனை வந்தது. கோயிலில் கோஷ்டி இரண்டு வரிசையாக எதிரும் புதிருமாக உட்காரும். பாசுரத்தில் பாதியை இந்த வரிசை சொல்லும், மீதியை அந்த வரிசை வாங்கிக்கொள்ளும். நாலாயிரத்தையும் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். பெண்களுக்கு அதில் இடம் கிடையாது. ஓரமாக நின்று கேட்கலாம், அவ்வளவுதான். நானும் கேட்டு வளர்ந்தவள்தான். அதில் யாரும் பெரிதாகச் சொல்லாத ஒரு விஷயம் உண்டு. வருஷக்கணக்காக ஒரே வரிசையில் உட்கார்ந்த சில பெரியவர்களை எதிர் வரிசையில் உட்காரவைத்தால் வாய் மட்டும் அசையும், சத்தம் வராது. இதைச் சொன்னால் அப்பா அடிக்க வருவார். ஆனால் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மன்னார்புரத்தாளிடம் யோசனையைச் சொன்னேன். அவள் சிரித்தாள்.

"எங்க கோயில்லயும் இப்படித்தான். ஒருத்தர் ஒவ்வொரு புனிதர் பேரா சொல்லுவாங்க. நாங்க எல்லாரும் 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்'னு சொல்லுவோம்."

"அப்போ ரொம்ப சௌகரியம். நோக்குப் பதில் சொல்லிப் பழக்கம். அர்த்தம் நான் சொல்றேன், வாக்கியம் நீ சொல்லு."

"மாத்தி மாத்தி வச்சுக்கலாமா?"

"என் குரல்தான் முதல் வரிசைக்கு எடுக்கும்" என்றேன். அவள் சரி என்றாள். அவள் எதற்கும் சரி என்பாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தினமும் வகுப்பு முடிந்து ஒரு மணி நேரம், பக்கத்து மாதா கோயில் வாசல் படியில் உட்காருவோம். மடிசார் கட்டின மாமி யாராவது அந்தப் பக்கம் வந்து என்னைப் பார்த்திருந்தால் ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு மானம் கப்பல் ஏறியிருக்கும். அதெல்லாம் எனக்கு அப்போது ஒரு பொருட்டாகவே இல்லை. நான் அவளுக்கு வலது பக்கம், அவள் எனக்கு இடது பக்கம். நோட்ஸை மூடி வைத்துவிடுவோம். நான் பாசுர ராகத்திலேயே இழுப்பேன்.

"ரிசீஈஈவ்! பெறுதல்!"

"ஐ காட் எ லெட்டர்" என்பாள் அவள், ஜெபம் சொல்கிற ஒரே சுரத்தில்.

"பிகம்! ஆகுதல்!"

"ஷி காட் ஆங்ரி."

"அரைவ்! போய்ச் சேருதல்!"

"வி காட் டு மெட்ராஸ் அட் சிக்ஸ்."

"அண்டர்ஸ்டாண்ட்! விளங்கிக்கொள்ளுதல்!"

"ஐ டோண்ட் கெட் யூ."

"எஸ்கேப்! தப்பித்தல்!"

"த தீஃப் காட் அவே."

கோயிலுக்கு வருகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். ஒருநாள் ஒரு கிழவர் நாங்கள் ஏதோ புது ஜெபம் சொல்கிறோம் என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றிவிட்டு முடிகிற வரைக்கும் நின்றார். அறுபத்து நாலாவது கெட் முடிந்ததும் சிலுவை போட்டுக்கொண்டு போனார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவள் மட்டும், "பாவம், சிரிக்காத" என்றாள்.

மார்கழி பிறப்பதற்குள் அறுபத்து நாலும் தண்ணீர்பட்ட பாடு. கண்ணை மூடிக்கொண்டு ஐந்தே நிமிஷத்தில் ஓட்டுவோம். நடுவில் இரண்டு முறை அவள், "நாளைக்கு எடம் மாத்தலாமா? நான் அர்த்தம் சொல்லிப் பாக்கறேன்" என்று கேட்டாள். "நல்லா ஓடற வண்டியில யாராவது சக்கரத்தைக் கழட்டுவாளா?" என்று நான் வாயை அடைத்தேன். முடிந்த பிறகு பஸ் வரும்வரை அவள் தன் வீட்டைப் பற்றி ஏதாவது பேசுவாள். நான் நோட்ஸைத் திறந்து மறுநாளைக்கு என் பாதியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நடுநடுவே உம் கொட்டுவேன்.

டெலிபோன் ஆபீசிலிருந்து எங்கள் இருவருக்கும் ஒரே நாளில் தபால் வந்தது. நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். அன்றைக்கு ஐந்து பேர் வந்திருந்தோம். காலியாக இருந்தது ஒரே இடம். அது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. பியூன் சொன்னதும் ஐந்து பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பதை நிறுத்திவிட்டோம். நான் நாலாவது, அவள் கடைசி.

உள்ளே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் அந்த ஆபீசர், வெற்றிலை போட்ட வாய், தங்கப் பிரேம் கண்ணாடி. பக்கத்தில் கவுன் போட்ட ஒரு ஆங்கிலோ இந்திய அம்மா, எங்கள் பேச்சில் சட்டைக்காரி, அங்கே சூப்பர்வைசர். பெயர், வயசு, தகப்பனார் தொழில் எல்லாம் கேட்டார்கள். அப்புறம் ஆபீசர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவர் கண்ணில் ஒரு பளபளப்பு வந்தது. கெட் வருகிறது என்று தெரிந்துவிட்டது எனக்கு.

"டெல் மீ. வாட் ஆர் த மீனிங்ஸ் ஆஃப் கெட்?"

நான் மூச்சை இழுத்துக்கொண்டேன். ராகம் போடக் கூடாது என்று எவ்வளவோ நினைத்தும் பாதி ராகம் வந்துவிட்டது. ரிசீவ், பிகம், அரைவ், அண்டர்ஸ்டாண்ட் என்று ஆரம்பித்தேன். ஒவ்வொன்றுக்கு நடுவிலும் என்னையறியாமல் ஒரு வாக்கிய நேரம் நிறுத்தினேன். அவர் அதை நிதானம் என்று நினைத்திருக்க வேண்டும். முப்பதைத் தாண்டினபோது கண்ணாடியைக் கழற்றிவிட்டார். நாற்பதில் அந்த அம்மாவைப் பார்த்தார். அறுபத்து நாலில் மேஜையைத் தட்டி, "வொண்டர்ஃபுல்!" என்றார். எனக்குள்ளே அண்ணனுக்குப் பதில் கடிதம் தயாராகிவிட்டது.

"நவ், நம்பர் த்ரீ. அரைவ். கிவ் மீ எ சென்டன்ஸ்."

நான் இடது பக்கம் திரும்பினேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், திரும்பினேன். அங்கே ஒரு இரும்பு பீரோ நின்றுகொண்டிருந்தது. நாலைந்து மாதமாக அரைவ் என்று சொன்னதும் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வரும். என் வேலை அத்தோடு முடிந்துவிடும். பீரோ ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு மெட்ராஸ் என்ற ஊர் மட்டும் ஞாபகம் வந்தது. அதில் யார் போனார்கள், எப்போது போனார்கள், கெட் எங்கே வந்தது, ஒன்றும் வரவில்லை.

"ஐ... கெட்... மெட்ராஸ்" என்றேன்.

"யூ கெட் மெட்ராஸ்?"

"எஸ் சார்."

"தி ஹோல் ஆஃப் இட்?" என்று கேட்டார் ஆபீசர். முழு ஊரையுமா என்கிறார். அவருக்கு அன்றைக்குப் பிறந்தநாள் மாதிரி இருந்திருக்கும்.

பிகம் கேட்டார். தெரியவில்லை. அண்டர்ஸ்டாண்ட் கேட்டார். அந்த அம்மா இரக்கப்பட்டு, "டேக் யுவர் டைம், சைல்ட். யூ வில் கெட் இட்" என்றாள். எனக்கு அந்த கெட் அறுபத்து நாலில் எத்தனையாவது என்றுதான் யோசனை போயிற்று. அது மட்டும் சரியாகத் தெரிந்தது. பத்தொன்பதாவது. ஆனால் அதை யாரும் கேட்கவில்லை.

போகலாம் என்று சொல்லிவிட்டு ஆபீசர் பியூனிடம் காபி கொண்டுவரச் சொன்னார். பத்து நிமிஷம் கழித்துக் கடைசிப் பெண்ணை அனுப்பச் சொன்னார்.

வெளியே பெஞ்சில் அவள் ஒருத்திதான் இருந்தாள். மற்ற மூன்று பேரும் போய்விட்டார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன கேட்டாங்க? கெட் கேட்டாங்களா? அர்த்தமா, வாக்கியமா?"

நான் கையை விடுவித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"பத்து நிமிஷம் இருக்காம். ஒரு தடவை எடம் மாத்தி ஓட்டிடலாமா? ப்ளீஸ். நான் அர்த்தம் சொல்றேன், தப்பா வந்தா நீ திருத்து."

பத்து நிமிஷம் தாராளமாகப் போதும். ஐந்து நிமிஷத்தில் ஓட்டுகிறவர்கள் நாங்கள். அவளுக்கு வாக்கியம் அத்தனையும் தெரியும். என் பாதியை அவளுக்கு ஒருமுறை கொடுத்தால் அவள் முழுசாக உள்ளே போவாள். கொடுக்காவிட்டால் என்னைப் போலவே பாதியில் நிற்பாள். இரண்டு பேரும் பாதி என்றால் குரலைப் பார்த்தாவது என்னை எடுக்கலாம். இவ்வளவையும் நான் யோசித்தேன். ஆத்திரத்தில் வாய் தவறி வந்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் அப்படியில்லை. யோசித்துத்தான் சொன்னேன்.

"அதெல்லாம் ஒண்ணுமே கேக்கலை. ஊர் எது, வயசு என்ன, அப்பா என்ன பண்றார். அவ்வளவுதான். கெட்டோட பேச்சே எடுக்கலை."

"நெசமாவா?"

"நிஜமா. வீணா மனசைக் குழப்பிக்காதே. ஆசுவாசமா உக்காரு."

அவள் பெரிய மூச்சு விட்டாள். நோட்ஸை மடித்துப் பைக்குள் வைத்து, "அப்பாடா, நல்ல வேளை நீ சொன்னே" என்றாள்.

அவளைக் கூப்பிட்டார்கள். நான் வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. எதற்கு உட்கார்ந்திருந்தேன் என்று கேட்டால், அவளும் தோற்றுப்போய் வருவதைப் பார்த்துவிட்டுப் போக. வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் அதுதான் நிஜம்.

கதவு ஒரு சாண் திறந்திருந்தது. அவள் குரல் மெதுவான குரல், ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. ஆனால் அது நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. கால் மணி, இருபது நிமிஷம். நடுவில் ஆபீசர் சிரித்தார். அந்த அம்மாவும் சிரித்தாள். அப்புறம் பியூன் வெளியே வந்து, "நீங்க போலாம்மா. உள்ள இருக்கறவங்களைத்தான் எடுத்திருக்காங்க. ஃபாரம் எழுதிட்டிருக்காங்க" என்றான்.

அப்போதும் நான் போகவில்லை. பம்பாயின் மூன்று குழந்தைகளும் ஒரே சமயத்தில் என் இடுப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டன.

அவள் வெளியே வந்தாள். இருவரும் பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தோம். உச்சி வெயில். அங்கே ஒரு வேப்பமரத்து நிழலில் நின்றோம்.

"உன்னாலதான்" என்றாள்.

"என்னாலயா?"

"அர்த்தம் எல்லாத்தையும் கேட்டாங்க. நான் அதை ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொன்னதில்ல. ஆனா வந்துச்சு. ஒவ்வொண்ணும் உன் குரல்லயே வந்துச்சு, உன் இழுப்போட. நீ சொல்லும்போது நான் கேட்டுட்டே இருந்தேன் இல்லையா, அப்படியே பதிஞ்சிருக்கு."

நான் சொல்லும்போது அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் சொல்லும்போது நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? அடுத்த அர்த்தத்துக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தேன். நாலைந்து மாதத்தில் அவள் வாக்கியம் ஒன்றைக்கூட நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஓரத்தில் நின்று கேட்டே நாலாயிரத்தில் பாதியை மனப்பாடம் பண்ணின எனக்கு, முதல் வரிசையில் உட்கார இடம் கிடைத்ததும் காது அடைத்துப்போயிற்று. அட, என் புத்தியைச் செருப்பால் அடிக்க!

அவள் நன்றி சொன்னதை என்னால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

"நான் நோக்குப் பொய் சொன்னேன்" என்றேன். "என்னையும் அதையேதான் கேட்டார். நான் முழிச்சேன். நீயும் முழிக்கணும்னு மறைச்சேன்."

"தெரியும்."

"எப்படி?"

"உள்ள போனதுமே அந்த சார் சொன்னாரு. முன்னாடி வந்த பொண்ணு அறுபத்து நாலு அர்த்தம் சொல்லிச்சு, ஒரு வாக்கியம் சொல்லத் தெரியல, உனக்கு எது தெரியும்னு கேட்டாரு."

"அது தெரிஞ்சுமா என்னாலதான்னு சொல்றே?"

"அது வேற, இது வேற" என்றாள். அப்புறம் என் முகத்தை நேராகப் பார்த்தாள். அவள் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. "ஏன் மறைச்சே?"

"எனக்கு அந்த வேலை வேணும். இல்லேன்னா என்னைப் பம்பாய்க்கு அனுப்பிடுவா. ஆயுசுக்கும் அண்ணா குழந்தைகளுக்கு ஆயா வேலை."

"அது எனக்குத் தெரியும். மொத நாளே சொன்னே. எனக்கு அந்த வேலை எதுக்கு வேணும்னு உனக்குத் தெரியுமா?"

யோசித்துப் பார்த்தேன். ஏதோ அப்பா, ஏதோ தம்பி தங்கைகள், ஏதோ ஆஸ்பத்திரி என்று ஒரு சொல். எது யாருக்கு என்று சேர்க்கத் தெரியவில்லை.

"மூணு தடவை சொல்லியிருக்கேன்" என்றாள்.

அவள் பஸ் வந்துவிட்டது. கோபமாகப் போகவில்லை. படியில் ஏறி, திரும்பி, எப்போதும் போல "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். இப்போதாவது சொல்லு, கேட்கிறேன் என்று நான் கத்தியிருக்கலாம், என் குரலுக்கு அது அந்தத் தெரு முழுக்கக் கேட்டிருக்கும். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

தை பிறந்ததும் அப்பா சொன்னபடி டிக்கெட் எடுத்தார். பம்பாயில் பதினோரு வருஷம் இருந்தேன். அண்ணன் குழந்தைகள் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்ததால் கெட் என்னை விடவில்லை. வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுத்துக் கொடுத்து ஒவ்வொரு அர்த்தத்துக்கும் இப்போது பத்து வாக்கியம் சொல்வேன். திரும்பி வந்து மன்னார்புரத்தில் தேடிப் போனேன். அந்தக் குடும்பம் வீட்டைக் காலி செய்து வருஷமாகிவிட்டது என்றார்கள். எங்கே போனார்கள் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அவளுக்கு அந்த வேலை எதற்குத் தேவைப்பட்டது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.